ஓவன் சொன்ன பொய்

டீச்சரம்மா,

மேசை மேல் டப்பாவில் ஓட்ஸ் பிஸ்கெட் பத்து இருக்கிறது. நானே சுட்டது. ஒன்றைத் திருப்பி அடியைப் பார், ஒரு கரும்புள்ளிகூட இருக்காது.

மாவு உன்னுடையதுதான். கோபத்தில் ஃபிரிட்ஜுக்குள் தள்ளினாயே, அதில் பாதியை எடுத்தேன். இனிப்புக்கு நீ போட்ட வாழைப்பழமும் பேரீச்சையும் மட்டும்தான், நானும் சர்க்கரை சேர்க்கவில்லை.

என் சுகருக்காக நீ மூன்று முறை சுட்டாய், மூன்று முறையும் அடி கருகியது. "கரி வியாபாரமா ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டேன். அதோடு நீ ஓவன் பக்கமே போகவில்லை. நேற்று, ஏசி வேலைக்குக் கொண்டுபோகும் வெப்பமானியை ஓவனுக்குள் வைத்துப் பார்த்தேன். குமிழ் நூற்றெண்பதில் நிற்கிறது, உள்ளே இருநூற்றுப் பத்து! பழத்தின் இனிப்பு அந்தச் சூட்டைத் தாங்காது, உள்ளே வேகும் முன்பே அடி கருகிவிடும்.

குமிழில் நூற்றைம்பதுக்கு நேரே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அதில் வைத்தால் சரியான சூடு வருகிறது. இருபது நிமிடம் போதும். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், தட்டிலேயே ஆறவிடு, தானாக இறுகிவிடும்.

ஊரெல்லாம் மெஷினைச் சந்தேகப்பட்டுப் பிழைக்கிறவன், வீட்டில் உன் கையைச் சந்தேகப்பட்டேன். மீதி மாவை நீ சுடு.

பின்குறிப்பு: பன்னிரண்டு சுட்டேன். ஒன்று நான் ருசி பார்த்தேன். இன்னொன்றைக் கீழ்வீட்டு அக்கா சாப்பிட்டுவிட்டு, "யாரு சுட்டது, இவ்வளவு நல்லா இருக்கு?" என்றார். நீதான் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குச் செய்முறை கேட்டு வருவார், என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதே.