ஆறாவது வரிசையில் நின்ற யானை

அடுக்களையில் மிக்ஸி ஓடுகிறது. என் மனைவி சட்னி அரைக்கிறாள். முன்பெல்லாம் இந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பசிக்கும். இப்போது காது சுடுகிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டுதான் இத்தனை மாதம் சோறு தின்றேன். நேற்று அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

நேற்று உன் மனைவி கோவில்பட்டிக்கு வந்திருந்தார். பென்ஷன் விஷயமாக பேங்குக்கு வந்தவர், வேலை முடிந்ததும் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு செருப்புக்கடை அட்டைப்பெட்டி. திறந்தால் உன் காந்த செஸ் போர்டு. மில் கேன்டீனில் நாம் ஆடித் தேய்த்த அதே போர்டு. காய்கள் பாதி ஆட்டத்தில் நின்றபடி ஒட்டிக்கொண்டிருந்தன.

"பஸ்ஸுல மடியில வச்சே கொண்டாந்தேன் அண்ணாச்சி. ஒரு காய்கூட நவுரல. அவிய இருக்கும்போது யாரையும் தொட விடமாட்டாவ. கரண்டு போயி பாதியில நின்ன ஆட்டம், அவன் வந்து முடிப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ."

நான் தலையை ஆட்டினேன். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எந்த விலாசத்துக்கும் போகாத கடிதத்தில் உண்மை பேசுவது சுலபம். அதிலும் நான் சுலபமான வழியைத்தான் பிடித்திருக்கிறேன், பார்.

மில்லில் நீ ஃபிட்டர், நான் ஸ்டோர் கீப்பர். நீ பேரிங் கேட்டு வருவாய், நான் சீட்டு எங்கே என்பேன். பிறகு இருவரும் கேன்டீனில் போர்டை விரிப்போம். நீ எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்து ஆள் என்பதால், உன்னை ஜெயிக்க முடியாது என்று மற்றவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் நடந்தது. பத்து ஆட்டத்தில் எனக்கு இரண்டு கிடைத்தால் அது எனக்குத் தீபாவளி.

ஓய்வு பெற்றதும் நீ ஊருக்குப் போய்க் கரிசல் காட்டில் பாசிப்பயறும் பருத்தியும் போட்டாய். நான் இங்கே வீட்டில் வைஃபை போட்டேன். போனில் செஸ் ஆடலாம் என்று கண்டுபிடித்ததும் நீதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி, ஆளுக்கு அரைமணி நேரம். உன் வீட்டில் சிக்னல் கிடையாது. ஊர்க் கோடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்தால்தான் கிடைக்கும். காலையில் அங்கே நிழல் இருக்கும், பதினொன்றரைக்கு மேல் வெயில் நேராக விழும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும்.

இணையத்தில் முகம் தெரியாத ஆட்களோடும் ஆடுவோம். அதில் ஒரு ரகம் உண்டு. தோற்கப்போவது தெரிந்ததும் காயை நகர்த்தாமல் அப்படியே விட்டுவிடுவான். அவன் கடிகாரம் தீரும்வரை நாம் காத்துக் கிடக்க வேண்டும். சலித்துப்போய் எழுந்து போனால், சட்டென்று ஒரு மூவ் வைப்பான். பிறகு நம் கடிகாரம் ஓடித் தீர்ந்து ஜெயித்தவன் தோற்றவனாகிவிடுவான். இந்த ரகத்தைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ரிப்போர்ட் பட்டனை நான்கு தடவை அழுத்துவேன். உன்னைக் கூப்பிட்டுப் புலம்புவேன். "இவனுகள்லாம் மனுசனாலே?" என்பேன்.

நீ சிரிப்பாய். நீ மடியில் ஒரு துண்டு நிறையப் பாசிப்பயறு நெத்து வைத்துக்கொண்டுதான் ஆட உட்காருவாய். எதிராளி இழுத்தடித்தால் நெத்து உரிப்பாய். ஒரு கண் போனில், கை நெத்தில். "அவன் நேரத்தக் கட்டிப் போட்டா நான் கையக் கட்டிக்கிட்டா இருப்பேன்? உரிச்சு முடிக்கதுக்குள்ள அவனே ஆடிருவான்" என்பாய். ரிப்போர்ட் பண்ண மாட்டாயா என்று கேட்டால், "விடுலே. தோக்கப் போறவனுக்கும் கொஞ்ச நேரம் வேணும்லா" என்பாய். எனக்கு அது பெரிய மனுஷத் தோரணையாகப் பட்டது. எரிச்சல்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சித்திரை மாதம். அதற்கு முன் ஆறு வாரம் தொடர்ந்து தோற்றிருந்தேன். பழைய மில் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் ஒவ்வொரு வாரமும் நீ முடிவைப் போடுவாய், கீழே சிரிப்புப் பொம்மைகளாக வரும். இந்த வாரம் பாருங்கள் என்று முந்தின நாளே நான் சவடால் விட்டிருந்தேன். ஆட்டம் பாதிக்கு மேல் போனதும் என் ராஜா கடைசி வரிசை மூலையில் மாட்டிக்கொண்டது. உன் ஒரு யானை உன் பக்கத்திலிருந்து ஏழாவது வரிசையை அடைத்து நின்றது. அடுத்த யானை எட்டாவது வரிசைக்கு வந்தால் முடிந்தது. நான் எதை நகர்த்தினாலும் அதைத் தடுக்க முடியாது. என் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். நகவெட்டியை எடுத்து நகம் வெட்டினேன். கை முடிந்ததும் கால். நடுவில் ஒரு தடவை போனைத் திருப்பிப் பார்த்தேன், நீ போய்விட்டாயா என்று. உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. படிக்கட்டில் வெயில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியும் மறுபடி கவிழ்த்து வைத்தேன். உன் சிக்னல் போகாதா, சார்ஜ் தீராதா, உன் பொறுமையாவது தீராதா என்று நினைத்தேன். முப்பது வருஷச் சிநேகிதன் வெயில் தாங்காமல் எழுந்து போகட்டும் என்று நகம் வெட்டிக்கொண்டே காத்திருந்தவன் நான்தான்.

நீ போகவில்லை. நேற்று உன் மனைவி அதையும் சொன்னார், குற்றமாக அல்ல, பெருமையாக.

"வெயிலு அடிக்கேன்னு நான் கொடையோட போயி கூப்புட்டேன் அண்ணாச்சி. அன்னைக்கு நெத்தக்கூட உரிக்காம போனையே பாத்துக்கிட்டு இருந்தாவ. 'இருட்டீ, அவன் யோசிக்கான், என்னமோ நல்ல மூவு வச்சிருக்கான்'ன்னாவ. நான் கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

கடிகாரம் தீர்ந்து நான் தோற்றேன். கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய்.

"என்னலே, ஆளையே காணோம்?"

"கரண்டு போயிட்டுலே. நெட்டும் நின்னுட்டு" என்றேன்.

நான் சொல்லி வாயை மூடவில்லை, அடுக்களையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. தேங்காய் கடகடவென்று உருண்டது. நான் போனைக் கையால் பொத்தினேன். எதைப் பொத்துவது? அந்தப் பக்கம் நீ ஒரு தடவை கனைத்துக்கொண்டாய். பிறகு, "சரிலே, கரண்டு வந்த பெறவு பாப்போம்" என்று வைத்துவிட்டாய்.

உனக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இரைச்சலில் முப்பது வருஷம் நின்ற காது, அதில் என்ன கேட்டிருக்கப் போகிறது என்று. எவ்வளவு வசதியான மறதி. எந்த மெஷினில் பேரிங் போகப்போகிறது என்று இரைச்சலுக்கு நடுவே காதால் கேட்டே கண்டுபிடித்து, என்னிடம் சீட்டோடு வந்து நின்றவன் நீ.

அந்த வாரம் குரூப்பில் நீ முடிவைப் போடவில்லை. ஒருவர் கேட்டதற்கு, "கரண்டு போயி ஆட்டம் பாதியில நிக்கி" என்று எழுதினாய். மறுநாள் என்னைக் கூப்பிட்டாய். "கரண்டு போனதுக்கு நான் ஜெயிச்சேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? போர்டுல அப்படியே எடுத்து வச்சிருக்கேன். ஒரு நாளு இங்கன வா, உக்காந்து முடிப்போம்" என்றாய். வாரேன் வாரேன் என்றேன். கடம்பூரில் ஒரு கல்யாணம் என்றேன். முழங்கால் வலி என்றேன். மழை வரட்டும், வெயில் தணியட்டும், பஸ் கூட்டம் குறையட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் கண் ஆபரேஷன் என்று சொல்லி நிறுத்தினேன். அப்படி ஒரு ஆபரேஷன் எனக்கு நடக்கவே இல்லை. ஒரு மணி நேரப் பயணம். ஐந்து மாதம் இழுத்தேன். நீ கோபப்படவும் இல்லை, கேட்பதை நிறுத்தவும் இல்லை. "போர்டு அங்கனதான் இருக்கு" என்பாய், அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலையில் உனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செய்தி வந்ததும் உடனே புறப்பட்டேன். அன்றைக்கு முழங்காலும் வலிக்கவில்லை, பஸ்ஸிலும் கூட்டம் இல்லை. மாலையைப் போட்டுவிட்டு, உன் வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்றேன். உள்ளே போர்டு இருக்கும் என்ற பயம்.

அந்த போர்டுதான் இப்போது என் மேஜையில் இருக்கிறது. நேற்று உன் மனைவியை பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தில் டேப் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாய். உன் கோணல் கையெழுத்தில் எந்தக் காய் எங்கே என்று வரிசையாக எழுதி, அடியில் "அவன் ஆட வேண்டியது" என்று போட்டிருக்கிறாய். என் ராஜா அதே மூலையில். ஆனால் உன் யானை ஏழாவது வரிசையில் இல்லை, ஆறாவதில் நிற்கிறது. சீட்டைப் பார்த்தேன். ஏழு என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் ஆறு என்று எழுதியிருக்கிறாய்.

போனில் அந்தப் பழைய ஆட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழுதான். நீ முதலில் எழுதியதுதான் சரி.

யானை ஆறில் நின்றால் என் ராஜா ஏழாவது வரிசைக்கு இறங்கலாம். ஜெயிக்க முடியாதுதான், ஆனால் மூச்சுவிட இடம் உண்டு. நாமிருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இன்னும் அரைமணி நேரம் ஆடலாம். உனக்கு மிக்ஸிச் சத்தம் கேட்டிருக்கிறது. நான் வெட்கப்பட்டு வரமாட்டேன் என்று தெரிந்திருக்கிறது. அதனால் உன் யானையை ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்துவிட்டு, என் பொய்யை உன் மனைவியிடமும் குரூப்பிடமும் நீயே உண்மையாகச் சொல்லிக்கொண்டு, எனக்காகக் காத்திருந்திருக்கிறாய். நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ரிப்போர்ட் பட்டனை நான்கு தடவை அழுத்தியிருந்தால் தேவலை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முகம் தெரியாதவர்களோடு இப்போதும் ஆடுகிறேன். யாராவது இழுத்தடித்தால் ரிப்போர்ட் செய்வதில்லை, காத்திருக்கிறேன். என்னோடு மாட்டிக்கொண்டவர் எந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரோ என்று, தோற்கும் ஆட்டத்தைச் சீக்கிரம் ஆடித் தோற்கிறேன். உன்னிடமிருந்து இதைக் கற்றேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்று காலையில் உன் யானையை ஏழாவது வரிசையிலேயே கொண்டுபோய் வைத்தேன். நீ விட்டுக்கொடுத்த வழியில் நடக்க எனக்கு யோக்கியதை இல்லை. பிறகு, தோற்றவர்கள் செய்வதுபோல என் ராஜாவைச் சாய்த்தேன். காந்தக் காய், சாய மாட்டேன் என்கிறது. கையை எடுத்தால் டக்கென்று எழுந்து நிற்கிறது. ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால்தான் இதை எழுதுகிறேன்.

மிக்ஸி நின்றுவிட்டது. இனி உனக்கு நன்றாகக் கேட்கும்.

அன்னைக்குக் கரண்டு இருந்துச்சுலே.