கரடியின் பச்சைப் பூட்டு

ஜூலை 2, 2021

என் கரடிக்குட்டிக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. இதுவரை எழுதத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவளுக்கு எழுத்து எங்கே வரும்? ஆனால் இப்போது உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாத வேலையில் மாட்டிக்கொண்டேன்.

நம் மாவட்டத்தை ஆளும் கவுண்டியின் மக்கள் நடுவர் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பத்தொன்பது பேர், எல்லாரும் நம்மைப் போன்ற ஊர் ஜனங்கள். ஒரு வருடம் கவுண்டிக்காரர்கள் செய்ததையும் செய்யாததையும் கேள்வி கேட்கலாம். விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். "என் வீட்டுக்காரரைத் தொற்று கொண்டுபோய்விட்டது. எங்கள் மேட்டு ஊரையாவது காட்டுத்தீ கொண்டுபோகாமல் இருக்கட்டும்" என்று எழுதினேன்.

நீதிபதி சத்தியம் வாங்கும்போது, "வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடக் கூடாதும்மா" என்றார்.

"அவரு செத்துட்டாருங்க ஐயா."

மனுஷர் திகைத்துப்போனார். பிறகு மெல்ல, "அப்படின்னா அவருகிட்டச் சொல்லலாம். அங்கேருந்து எதுவும் கசியாது" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

உன் தூண்டில் பெட்டியில்தான் கடிதங்களை வைக்கப்போகிறேன்.

உன் லொரெட்டா

அக்டோபர் 14, 2021

கரடி,

இன்று நான் பெரிய மனுஷர்கள் நடுவில் வாயைத் திறந்தேன்!

கவுண்டியின் ஆபத்துகால அதிகாரி டட்டில் வந்திருந்தார். நல்ல சட்டை, தடிமனான திட்டப் புத்தகம். கீழ்ச்சாலையில் தீ பிடித்தால் நம் மேட்டின் அறுபது வீட்டு ஜனமும் பழைய மரலாரிப் பாதையில் தப்பலாமாம், அந்தப் பாதையை மூடும் கேட்டின் சாவி அவர் அலுவலகத்தில் இருக்கிறதாம்.

நான் கையைத் தூக்கினேன். "போன வருஷம் ஆகஸ்டுல தீ நாலு மைல் கிட்ட வந்துச்சே, அப்ப உங்க ஆபீஸ்ல யாரு இருந்தாங்க?"

"தொற்றுக் காலம் இல்லீங்களா, எல்லாரும் வீட்டுலேருந்துதான் வேலை பார்த்தோம்."

"சாவியும் வீட்டுலேருந்து வேலை பார்த்துச்சா?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். பதின்மூன்று மாதம் அலுவலகம் பூட்டிக் கிடந்ததாம், சாவி உள்ளே ஆணியில் தொங்கியதாம். குழுத் தலைவி பென்ரோஸ் அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் இருமவில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் தங்கை டாட்டி தினமும் துருவுகிறாள். "அண்ணி, வாரத்துல மூணு நாள் லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு எங்கே போறே? ஆள் ஏதாச்சும் புடிச்சிட்டியா?" "பத்தொம்பது பேருடி" என்றேன். அடுப்பில் பால் பொங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

உன் லொரெட்டா

நவம்பர் 9, 2021

கரடி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் நீ!

கேட்டைப் பார்க்கப் போனோம், நான், பென்ரோஸ் அம்மா, முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஹோர்ஸ்ட் தாத்தா. டட்டிலும் சாவியோடு வந்தார். கவுண்டியின் பூட்டு சட்டென்று திறந்தது. கேட்டு அசையவில்லை.

உனக்குத் தெரியாததா? ஆறு குடும்பத்தின் பூட்டு, தீயணைப்புக்காரர்கள் பூட்டு, கவுண்டி பூட்டு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய சங்கிலி. எதைத் திறந்தாலும் சங்கிலி அறும். திரும்ப மாட்டும்போது நடுவில் ஒன்றை விட்டுவிட்டால், அது சும்மா தொங்கும், அதன் சாவி யாருக்கும் உதவாது. யாரோ கவுண்டி பூட்டையும் தீயணைப்புப் பூட்டையும் தாண்டி மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பூட்டில் பச்சைப் பெயின்ட். நம் கோழிக்கூண்டுக்கு அடித்த அதே பச்சை.

சொன்னால் என்னை இந்த விசாரணையிலிருந்து விலக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் 'யாருடையதோ' என்று எழுதிவிட்டுப் போவார்கள், உன் பேரும் தப்பும். அது யாருடையதென்று டட்டில்தான் முதலில் கேட்டார். என் சாவிக்கொத்தில் உன் சாவி இன்னும் இருக்கிறது, கரடி. எடுத்து நானே திறந்தேன்.

"என் வீட்டுக்காரருதுங்க."

எப்போது மாட்டியது என்றும் சொன்னேன். நீ கடைசியாக அங்கே போனது என் பிறந்தநாளன்று, போன வருடம் அக்டோபரில். பக்கெட் நிறைய ஹக்கிள்பெர்ரிக் காட்டுப்பழம் பறித்து வந்தாய், லாரியின் பின்கதவைக்கூடச் சாத்தாமல்.

ஹோர்ஸ்ட் தாத்தாதான் முதலில் பேசினார். "டட்டில் ஐயா, அந்த மனுஷன் தப்பா மாட்டி ஒரு வருஷம் ஆச்சு. ஒரு தடவையாவது உங்க சாவியைப் போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

லொரெட்டா

மே 20, 2022

என் தடியனுக்கு,

கேட்டு சம்பந்தமான பேச்சு வந்தால் நான் வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. இன்று அந்த அறிக்கைக்கு ஓட்டெடுப்பு. பன்னிரண்டு ஓட்டாவது வேண்டும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரண்டு பொட்டலம் வேர்க்கடலை தின்று தீர்த்தேன்.

ஹோர்ஸ்ட் தாத்தா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "உள்ள வாம்மா. நீ இல்லாத பதினெட்டுப் பேர்ல பதினெட்டும்."

பூட்டே வேண்டாம், கார் முட்டினால் மடியும் தடுப்பு வையுங்கள், வருடம் ஒருமுறை ஜனங்களை அந்த வழியில் இறக்கி ஒத்திகை பாருங்கள் என்று அறிக்கை சொல்கிறது. உன் பேர் அதில் இல்லை. 'குடியிருப்பாளர் ஒருவரின் பூட்டு' என்று மட்டும் இருக்கிறது. தொண்ணூறு நாளில் கவுண்டி பதில் சொல்லியாக வேண்டும்.

லொரெட்டா

செப்டம்பர் 25, 2022

என் கரடிக்குட்டிக்கு,

கவுண்டி ஒப்புக்கொண்டது. நேற்று சனிக்கிழமை மேடே இறங்கியது! அறுபத்துமூன்று வண்டி, பதினொரு குதிரை, எண்ண முடியாத நாய்கள், குளிக்கும் உடையோடு ஒருத்தர். முன்னால் என் மஞ்சள் பஸ். தடுப்பை மெல்ல முட்டினேன். புல்லைப் போல மடிந்தது. இருபத்தொரு நிமிடத்தில் கடைசி வண்டியும் கீழே வந்துவிட்டது. டட்டில் கடிகாரத்தைப் பார்த்துக் கைதட்டினார், நிஜமான சந்தோஷத்தோடு.

டாட்டி முன்சீட்டில் ஒரு தட்டை மடியில் வைத்திருந்தாள், ஹக்கிள்பெர்ரி வைத்துச் சுட்ட பலகாரம். "இந்த வழி எப்படி அண்ணி திடீர்னு தொறந்துச்சு?" என்றாள். நடுவர் குழுவில் பேசியதைச் சாகும்வரை சொல்லக் கூடாது. "உங்க அண்ணன் புண்ணியம்" என்று மட்டும் சொன்னேன். "அவன் எங்கே புண்ணியம் பண்ணான், அவசரக்குடுக்கை" என்றாள். இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வர, பஸ் குலுங்கச் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிடித்திருந்த டேப்லெட் திரையில்தான் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். கேட்க எவ்வளவோ இருந்தது, எதையும் கேட்கவில்லை. இப்போது பச்சைப் பூட்டு என் மடியில் இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன்.

அன்றைக்கு மாட்டியது சரியா என்றுகூடப் பார்க்காமல் ஓடி வந்தாயே, பெர்ரி வாடிவிடும் என்றா, இல்லை என்னைப் பார்க்கத்தானா?