அப்பாவின் இரத்தப் பரிசோதனையும் திருவிருந்துக் கிண்ணமும்

உடுப்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் மதுஷாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நல்ல சுகம். இந்த முறை அதை வழக்கத்துக்கு எழுதவில்லை, ஆய்வுகூடம் தந்த தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீயும் மருமகன் பிறேமும் சுகமாயிருக்கச் செபிக்கிறோம்.

உனக்கு ஒளித்த விஷயம் ஒன்று இருக்கிறது, பதறாமல் வாசி. தை மாதம் ஆலயத்தில் நடந்த இரத்ததான முகாமில், ஐம்பத்துநாலு வயதில் திடீரென்று வீரம் வந்து, அப்பா முதன்முதலாக இரத்தம் கொடுத்தார். இரண்டு கிழமையில் இரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்றார்கள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மனிதருக்குத் தனிக் கோப்பை, தனிச் சோப்பு, தனிப் பாய். திருவிருந்தில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் அருந்துவதால் முன்னுக்குப் போகாமல் கடைசி வாங்கிலேயே இருந்துவிடுவார். போதகரோடு கோபமாம் என்று ஊர் கதைத்தது, ஸ்ரெல்லா மாமி வீடு தேடி வந்தே விசாரித்தார். பாயைச் சுருட்டி எறிந்து நான் சண்டை பிடித்த அன்றுதான், "சாகிறதுக்குப் பயமில்லையப்பா, உமக்கும் தந்துபோட்டனோ எண்டுதான் நெஞ்சு பதறுது" என்று அழுதார். நானும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன்.

நேற்று அந்த இளம் டொக்டர் பிள்ளை எங்கள் இருவருடைய முடிவுகளையும் ஆறுதலாக விளக்கினார். ஆறு மாதம் கழித்தும் அப்பாவிடம் கிருமி இருக்கிறது, ஆனால் அது மும்முரமாகப் பெருகும்போது காட்டும் 'ஈ' அன்டிஜன் இல்லை, கிருமியின் அளவும் மிகக் குறைவு, ஈரலில் பழுதில்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதித்தால் போதும். கோப்பையாலும் சாப்பாட்டாலும் தொற்றாதாம், சவர அலகும் பல் தூரிகையும்தான் தனியாக வேண்டுமாம். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "அன்ரிக்கு எப்பவோ வந்து தானாவே மாறியிட்டுது, இனிப் பயப்பிடாதேங்கோ" என்றார். எனக்குத் தெரியாமலே வந்ததை எனக்குத் தெரியாமலே துரத்தியிருக்கிறேன், பார் உன் அம்மாவின் கெட்டித்தனத்தை! பஸ்ஸில் வரும் வழி முழுதும் அப்பா என் கையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன் வாங்கில்தான் இருப்பாராம்.

இனி உன் விஷயம். நீ பிறந்த காலத்தில் குழந்தைகளுக்கு இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி போடுவதில்லை. சின்ன வயதில் எங்களிடமிருந்து உனக்கு வந்திருக்கவும் கூடும் என்கிறார் டொக்டர். இந்தக் கிழமையே பிறேமையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போ. கிருமி இப்போது இருக்கிறதா, முன்பு வந்து போனதா, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா, மூன்றையும் பார்க்கச் சொல். ஒன்றும் இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள். கிருமி இருந்தால் அன்றைக்கே எங்களுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல். எங்கள் பிள்ளை பயந்துவிடும் என்று நாங்கள் ஒளித்தது பிழை. நீ எங்களுக்கு ஒளிக்காதே.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மனோன்மணி