பச்சைப் புடவையும் இரண்டாவது பெயரும்

அக்கா,

இன்று காலை உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையும் உன் ஜவ்வாது வாசனையும் சேர்ந்து முகத்தில் வந்து அடித்தன. மேலாக இருந்தது அந்தப் பச்சைப் புடவைதான், அரக்கு பார்டர் போட்டது. உதறிக் கட்டிக்கொண்டேன். ஃபோட்டோ எடுக்கப் போக வேண்டியிருந்தது. ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு, குடும்பத் தலைவி இடத்தில் என் பெயரையும் படத்தையும் போட வேண்டுமாம். நீ போய் நாற்பது நாளாகிறது. இத்தனை நாள் தள்ளிப் போட்டேன், திட்டாதே.

கார்டு என்றாலே எனக்குப் பயம், உனக்குத் தெரியும். நான் புடவை கட்ட ஆரம்பித்த மறு மாதமே, மேல்பட்டாம்பாக்கத்தில் என் அண்ணன் வீட்டுக் கார்டிலிருந்து என் பெயரை அடித்துவிட்டு வந்தான். உயிரோடு இருக்கிறவள் பெயரை அடிக்க என்ன காரணம் எழுதிக் கொடுத்தானோ, இன்றுவரை தெரியாது. கடலூர் முதுநகரில் உன் ஓட்டு வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

சுனாமி வந்த சமயம் முகாமில் நாமிருவரும் ஒரு வாரம் உலை வைத்தோம். நிவாரணப் பை கொடுக்கும்போது, கார்டு இல்லாதவர்கள் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். "சோறு வடிக்கும்போது யாரும் கார்டு கேக்கலியே சார்" என்றாய். பை கிடைக்கவில்லை. ஆனால் அன்று பிடித்த கோபத்தை நீ விடவேயில்லை. வாரம் தவறாமல் பஸ் ஏறிச் சிதம்பரம் போவாய். கீழ வீதியில் ஒரு டீக்கடைக்குப் பின்னால், நம்மைப் போன்ற திருநங்கைகளை உட்கார வைத்துப் பேசுவாய். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவாய். ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்று அங்கே யோசித்து முடிப்பதற்குள் அவளைப் பெண்கள் வரிசையில் நிறுத்தியிருப்பாய். உனக்கு வாய் ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வாயால்தான் பல பேருக்கு மருந்து கிடைத்தது.

பிறகு, நமக்கும் ரேஷன் கார்டு உண்டு என்று அரசாங்கமே சொன்னது. கடலூரில் ஏழு பேர், சிதம்பரத்தில் நாலு பேர். பதினோரு மனுவையும் நீயே உட்கார்ந்து எழுதினாய்.

நம் வீட்டில் ஒரு வழக்கம் இருந்ததே. நல்ல புடவை என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும் பொது. யாருக்கு விசேஷமோ அவள் கட்டுவாள். முதல்முறையாக நம்மை நம் பெயரில் படம் எடுக்கப் போகிறார்கள், அதைவிட என்ன விசேஷம்? ஸ்டுடியோவில் திரைக்குப் பின்னால் ஒருத்தி அவிழ்த்துக் கொடுக்க, அடுத்தவள் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அதே பச்சைப் புடவை, அதே ஜிமிக்கி. பவுடர் அப்பியது நீ என்பதால் பதினோரு முகமும் ஒரே வெள்ளை.

கடலூர் ஜில்லா சப்ளை ஆபீஸில் கிளார்க் அந்தப் படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னாம்மா இது? ஒரே ஆளு பதினோரு கார்டு வாங்கப் பாக்குறீங்களா?"

மனுக்கட்டு திரும்பி வந்தது. இங்கேயும் பெயர் விழாவிட்டால் வேறு எங்கே போய் விழும்? நீயோ வராந்தாவில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "அழுவாதடி. நம்ம எல்லாரும் அம்புட்டு அழகா இருக்கோம், அவரால தாங்க முடியல" என்றாய். எனக்கு உன்னை அடிக்கலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை சிதம்பரத்துக்காரிகளை முதல் பஸ்ஸிலேயே வரவழைத்தாய். பதினோரு பேரையும் அவர் மேஜை முன்னால் நிறுத்தி, புடவையை நடுவில் வைத்தாய்.

"பொடவதான் சார் ஒண்ணு. ஆளு பதினொண்ணு. எண்ணிக்கோங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் படத்தை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து இந்தப் பெட்டியைத் திறந்து, ஆளுக்கொரு புடவை எடுத்துக் கொடுத்தாய். எல்லாம் கொடுத்து முடித்தபோது உனக்கு மிஞ்சியது பச்சை மட்டும்தான்.

எனக்கு மட்டும் இன்னொரு சிக்கல். ஒரே விலாசத்தில் இரண்டு கார்டு கிடையாது, வேண்டுமானால் உன் கார்டில் இரண்டாவது பெயராகப் போடலாம் என்றார் கிளார்க்.

"இவங்க உங்களுக்கு என்னா வேணும்?"

"தங்கச்சி."

"கூடப் பொறந்தவங்களா?"

"கூடப் பொறந்தவன்தான் சார் இவ பேர அடிச்சிட்டான். நான் கூட இருக்குறவ."

மதியம்வரை அந்த ஒரு சொல்லுக்காக மேஜைக்கு மேஜை ஏறி இறங்கினாய். சாப்பாட்டு மணி தாண்டி, ஒரு வழியாகத் தங்கை என்று எழுதினார்கள். வெளியே வந்து, "நான் சாவுற வரைக்கும் இத எவனும் அடிக்க முடியாதுடி" என்றாய்.

அதை அப்படியே காப்பாற்றினாய் அக்கா. கிட்னி போய், பெண்கள் வார்டு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபோதும் கார்டைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தாய். அந்த வார்டில் உனக்கு இடம் தரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கும் நீதான் காரணம்.

இன்று மனுவில் உன் பெயருக்கு நேராக, நீக்கக் காரணம் என்ற இடத்தில் இறப்பு என்று எழுதவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கவுண்டரில் ஒரு புதுப் பெண் இருந்தாள்.

"எறந்தவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"தங்கச்சி."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். அடுத்த கேள்விக்குக் காத்து நின்றேன். கூடப் பிறந்தவளா என்று கேட்கப் போகிறாள், அன்று நீ சொன்னதையே சொல்லிவிடலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதாங்க்கா. வேற யாரு பேராச்சும் சேக்கணுமா?"

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருத்தி போன வாரம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். இத்தனை காலம் கழித்து இப்போதுதான் புடவை கட்டியிருக்கிறாள். அவள் பெயரையும் வீட்டில் அடித்துவிட்டார்களாம். இரண்டாவது வரியில் அவள் பெயரைச் சொன்னேன்.

"ஒறவு?"

உன் பச்சைப் புடவையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அக்கா" என்றேன்.