முப்பத்தெட்டு மங்கல் படங்கள்

என் அருமைச் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். உறையைப் பிரித்ததும் மூன்று படங்கள் விழுந்திருக்கும். அவற்றை இப்போதே பார்க்காதே. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், சொல்லும்போது பார். இதை எழுதும்போதே நீ மூன்றையும் பார்த்து முடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள்தானே நீ.

இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பெரியவனும் உன் அண்ணியும் ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போகிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பல் டாக்டர் என்று ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிறாய், உன் வாய்க்குள் ஒரு வாய் சோறு போகிறதா என்று பார்க்க ஆளில்லை.

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். ஃபோனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதற்காகவே பேனாவைத் தேடி எடுத்தேன்.

போன மாதம் நீ சொன்னாயே, "அம்மா, என் கல்யாணத்தன்னைக்கு நீ கேமராவத் தொடவே கூடாது. அம்மாவா மட்டும் வா. படம் எடுக்க வேற ஆள் பாத்தாச்சு"ன்னு. சரிம்மா என்று ஃபோனை வைத்தேன். வைத்துவிட்டு, சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். டப்பா இறங்கினால் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவர் முப்பது வருஷத்தில் படித்த பாடம்.

இருபத்தாறு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் கைக்குழந்தை முதல் பென்ஷன் வாங்குகிறவர் வரை என் ஸ்டூலில் உட்காராத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், பெற்ற மகள் கல்யாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, எவனோ ஒருவன் வந்து படமெடுப்பதா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைசி டப்பாவைத் துடைக்கும்போதுதான் காரணம் புரிந்த மாதிரி இருந்தது. பெரியவன் கல்யாணப் படங்கள்!

இப்போது முதல் படத்தை எடு. பெரியவனும் அண்ணியும் மண்டபத்துப் படியில் இறங்கி வருகிறார்கள். அண்ணியின் தோடு பளிச்சென்று இருக்கிறது. அவள் கண்? பஞ்சை ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது. பெரியவன் முகம் அதைவிட மோசம். அன்றைக்கு எல்லோரிடமும் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "இது சாஃப்ட் லுக், வேணும்னேதான் எடுத்தேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அண்ணி நல்ல பெண், தலையை ஆட்டினாள். ஆனால் அவள் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அவள் தம்பி ஃபோனில் எடுத்த படம். அங்கே போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

உன் கல்யாணமும் மாலையில்தான், அதுவும் மேஜை விளக்கு வெளிச்சத்தில். சம்பந்தியம்மாவுக்குப் பளீரென்று வெளிச்சம் பட்டால் ஒற்றைத் தலைவலி வந்துவிடும், அதனால் ஃபிளாஷும் கூடாது. என் பழைய கேமராவை அந்த வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்யச் சொன்னால், சாவியைத் தொலைத்தவர் பாக்கெட்டைத் தடவுகிற மாதிரி முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மங்கலான இடத்தில் லென்ஸை எப்போதும் என் கையால் திருகுவேன். கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். சரி, இவளுக்குக் கண் தெரியவில்லை என்றுதானே என் பெண் வேறு ஆளைப் பார்க்கிறாள், பார்க்கலாம் ஒரு கை என்று கிளம்பிவிட்டேன்.

கேமராவை மாற்றிவிட்டேன், சின்னக்குட்டி. கேமராவை மட்டும் இல்லை, கம்பெனியையே மாற்றிவிட்டேன். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் சேராது, உனக்குத் தெரியும். ஆகவே பழைய கேமரா இரண்டையும், லென்ஸ் ஐந்தையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் நம் 'ஒரு நிமிஷம்' கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்து வந்தேன். (அந்தக் கடைக்காரர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். "ஒரு நிமிஷம்கா" என்று உள்ளே போனால் அரை மணி நேரம் ஆகிறது.) உன் அப்பா வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டு, "என்னையும் இப்பிடிக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துருவியோ"ன்னு கேட்டார். பழசை எவனும் எடுக்கமாட்டான் என்றேன்.

ஆறாவது லென்ஸை மட்டும் கொடுக்கவில்லை. உன் முதல் மாதச் சம்பளத்தில் நீ வாங்கித் தந்தது. 'ஒரு நிமிஷம்' அதையும் கேட்டார், "புதுசுல இது மாட்டாதுக்கா, சும்மாதான கிடக்கும்" என்றார். சும்மாவே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! பழையதில் லென்ஸைப் பூட்ட ஒரு பக்கம் திருகவேண்டும், புதியதில் நேர் எதிர்ப்பக்கம். எனக்குத் தெரிகிறது, இருபத்தாறு வருஷம் பழகிய கைக்கு யார் போய்ச் சொல்வது? ஒரு தலைமையாசிரியை படத்துக்கு வந்திருந்தார். லென்ஸைப் பூட்டிவிட்டேன் என்று நினைத்து, அவர் தலைமுடியைச் சரிசெய்யக் குனிந்தேன். லென்ஸ் கழன்று நேரே அவர் மடியில் போய் விழுந்தது. அவர் அதைக் கைக்குழந்தையைப் போல் பிடித்துக்கொண்டு, "இதுவும் படத்துல வரணுமாம்மா"ன்னு கேட்டார். வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

அடுத்த கூத்தைக் கேள். இந்தக் கேமரா ஆள் நகர்ந்தாலும் கண்ணைத் தானே தேடிப் பிடித்து, அதன்மேல் ஒரு பச்சைக் கட்டத்தைப் போட்டுக்கொள்ளும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கோ மூன்று நாளாக எந்த மனுஷர் கண்ணிலும் கட்டம் சரியாக விழவில்லை, கீழ்வீட்டுத் தையல்காரர் பூனை வந்தால் மட்டும் உடனே விழுகிறது. கடைக்குப் போய்க் கத்தினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, மிருகத்துல வச்சிருக்கீங்க" என்றார். மனுஷருக்கு மாற்றும் முன்பு ஒரு சோதனைக்காக வீட்டில் உன் அப்பாவைக் குறிபார்த்தேன். கட்டம் டக்கென்று அவர் கண்ணில் போய் உட்கார்ந்தது. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீயும் உளறிவைக்காதே.

இரண்டாவது படம் அவர்தான். சாயங்காலம், நடையில் ஒரே ஒரு சின்ன பல்ப் எரிகிறது, ஃபிளாஷ் இல்லை. இமை முடியை எண்ணலாம் போலிருக்கிறதா? பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு கிழவனாவா இருக்கேன்"ன்னு கேட்டார். இருட்டில் இவ்வளவு தெளிவாக எடுக்கிறேன், ஆகவே அந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு என்று எழுதி, கடிதத்தை இந்த இடத்தில் முடித்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

உன் அப்பா கெடுத்தார். நேற்று எனக்கு ஒத்திகை பார்க்க ஆள் தேவைப்பட்டது. நம் கட்டிடத்து மாடிப்படியில் மணப்பெண்ணாக நின்று இறங்கி வாருங்கள் என்று அவரைக் கேட்டேன். வருகிறேன், முதலில் இதைப் பார் என்று பெரியவன் கல்யாணப் படங்கள் இருந்த பெட்டியை மேஜையில் கவிழ்த்தார். ஒரு வாரமாக எனக்குத் தெரியாமல் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார். "அறுநூறு படத்துல முப்பத்தெட்டுதான் மங்கல். அதுவும் அடுத்தடுத்து. பெரியவன் படியில இறங்க ஆரம்பிச்சதுலேருந்து உன்கிட்ட வந்து கையப் பிடிச்ச வரைக்கும். அதுக்கு முன்னாடியும் பளிச், பின்னாடியும் பளிச். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் உனக்கு வயசாயிருச்சா?" என்று கேட்டார்.

படியில் வெளிச்சம் போதாது என்றேன். அதே படியில், அதே விளக்கில், பிறகு நான் எடுத்த கூட்டப் படத்தை நீட்டினார். கடைசி வரிசையில் நிற்கிறவர் மூக்குக் கண்ணாடிகூடத் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் லென்ஸில்தான் ஏதோ கோளாறு என்றேன். "ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொல்லணும். உனக்கு ஆடத் தெரியும். நாலு பேர் முன்னாடி அழத்தான் தெரியாது" என்றார்.

சின்னக்குட்டி, அவர் சொன்னது உண்மை. நேற்றுவரை எனக்கே நான் சொல்லிக்கொள்ளாத உண்மை. நடக்கப் பழகியபோது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவன், கோட்டு போட்டுக்கொண்டு இன்னொருத்தி கையைப் பிடித்து இறங்கி வருகிறான். கேமராவுக்குள் எல்லாம் தண்ணீராகத் தெரிந்தது. கேமராவை இறக்கினால் நான் அழுவதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். கண்ணை எடுக்காமலே முப்பத்தெட்டு தடவை பொத்தானை அமுக்கினேன். என் பிள்ளை இறங்கி வந்ததைப் படத்திலும் பார்க்கவில்லை, நேரிலும் பார்க்கவில்லை.

நீ அன்றைக்கு என் பக்கத்தில்தான் லென்ஸ் பையோடு நின்றிருந்தாய். நான் அழுததை நீ மட்டும் பார்த்திருக்கிறாய், இல்லையா? அதனால்தான் "அம்மாவா மட்டும் வா" என்றாய். நான் அதை, என் படம் சரியில்லை என்று நீ சொன்னதாக எடுத்துக்கொண்டு டப்பா துடைத்தேன். பல் டாக்டருக்கு இவ்வளவு சுருக்கமாகப் பேசத் தெரியும் என்று யார் கண்டது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அது சாஃப்ட் லுக் இல்லைம்மா, அழுகை என்று. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். "அதைப் பெருசாப் போட்டுக் குடுங்கத்தே, மாட்டுறேன்" என்றாள். தம்பி எடுத்த படத்தைக் கழற்றமாட்டாளாம். பக்கத்தில் இன்னொரு ஆணி அடிப்பாளாம். அடிக்கட்டும். நானும் இனி அந்தச் சுவரைப் பார்த்து உட்காருவேன்.

ஆகையால், அந்த ஆளை வரச்சொல். விருந்து, மேடை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் அவரே எடுக்கட்டும், நான் அவர் பக்கமே போகமாட்டேன். எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும். நீ அறைக்கதவைத் திறந்து வெளியே வருகிற அந்த ஒரு நிமிஷம் எனக்கு. 'ஒரு நிமிஷம்' கடைக்காரர் நிமிஷம் இல்லை, நிஜமான ஒரு நிமிஷம்.

மூன்றாவது படத்தை இப்போது நன்றாகப் பார். தலையில் குளியல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, உன் அப்பா மணப்பெண்ணாகப் படியிறங்கி வருகிறார். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், மாடி வீட்டுக்காரர் வயிறு வலிக்கச் சிரித்தார். இந்தக் கேமராவின் பின்பக்கத்துத் திரை மேல்நோக்கித் திரும்பும், கண்ணை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டுக்குள் உன் முகம் தெரிந்தது எனக்கு. இதை எடுக்கும்போது நான் தாரைதாரையாக அழுதுகொண்டிருந்தேன் என்று படத்தைப் பார்த்தால் யாராவது சொல்வார்களா? உன் அப்பா கண் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது பார்.

அன்றைக்கு நீ கேமராவைப் பார்க்காதே, கண்ணு. என்னைப் பார். நான் அழுவேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும். உன் கண்ணை அது பிடித்துக்கொள்ளும், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றாக இரு, நிறைய சிரி, வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். சரி என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, போதும்.

அன்றைக்கு அம்மாவாக மட்டுமே வரப்போகிற,
உன் அம்மா