நடுக்கதவில் ஒரு பூனை வழி

ஜூன் 9

சுந்தரியைத் தெருநாய் மறுபடியும் கடித்துவிட்டது. இடது காதில் ஒரு துண்டு இல்லை. மஞ்சள் வைக்கப் போனேன், என் கையைப் பிறாண்டிவிட்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டது. பூனையை நாய் கடிக்கும், என்னைப் பூனை பிறாண்டும், ஊசிக்குப் பாகூர் ஆஸ்பத்திரி போய் வரிசையில் நிற்பது மட்டும் நான்.

அது ஏன் தெருவுக்குப் போகிறது? சோற்றுக்குத்தான். காலையில் நம் வீட்டில் பால், மத்தியானம் அந்தப் பக்கம் மீன் தலை. இரண்டு வருஷம் முன்பு வரை எல்லாம் ஒரே வீடு. பங்கு பிரித்தபோது கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பி, பழைய கதவு ஒன்றை அதில் அப்படியே விட்டுவைத்தார்கள். அந்தப் பாதி பெரியவருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் கண்ணையனுக்கு. இந்தப் பாதி நமக்கு. பங்கு பிரிக்கும்போது ஒரு சண்டையும் இல்லை. அடுத்த மாசம் மோட்டார் முறையில் வந்தது வினை. யாருடைய முறையில் யார் தண்ணீர் விட்டது என்று வரப்பில் ஆரம்பித்த பேச்சு திரௌபதி அம்மன் கோயிலில் போய் நின்றது. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள்.

பெரியவர்: "இவன் வாசல் வழியா இனிமே உள்ள கால் வெக்க மாட்டேன்."

இவர்: "நடுக்கதவ நான் இருக்கிற வரைக்கும் திறக்க மாட்டேன்."

கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். சுந்தரிக்கு இந்தப் பங்கெல்லாம் தெரியுமா? நம் வாசலில் இறங்கி, தெரு வழியாகப் பத்தடி நடந்து அவர்கள் வாசலில் ஏறுகிறது. அந்தப் பத்தடியில் மூன்று நாய்கள் படுத்திருக்கின்றன.

ஜூன் 11

"பூனைக்கு எதுக்குப் பால்? எலி புடிச்சித் துன்னட்டும்" என்று சொன்ன மனிதர், இன்று ஒரு மணி நேரம் போனில் பூனை வீடியோ பார்த்தார். வெளிநாட்டில் கதவிலேயே ஓட்டை போட்டு, மேலே ஒரு மூடி தொங்கவிடுகிறார்களாம். பூனை தலையால் முட்டிக்கொண்டு போகுமாம்.

"நடுக்கதவுல போட்டா இன்னா?" என்றார்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்களே."

"திறக்க மாட்டேன்னுதான சொன்னேன்? நான் எங்க திறக்கறேன்? பூனை எந்தக் கோயில்ல சூடம் அணைச்சிது?"

பாதிக் கதவு அவர்களுடையது, கேட்காமல் அறுக்க முடியாது. யார் கேட்பது? அவர் என்னைப் பார்த்தார், நான் மோட்டுவளையைப் பார்த்தேன். கடைசியில் புவனேஸ்வரிக்கு வாட்ஸப் அனுப்பினேன். பெரியவர் மகள். அவள் மட்டும்தான் இரண்டு பக்கமும் பேசுகிறவள். அவளும் சுந்தரியும்.

ஜூன் 12

புவனாவிடமிருந்து பதில்: "அப்பா ஓகே சொல்லிட்டாரு சித்தி. ஆனா மூடி நல்லா டைட்டா இருக்கணுமாம். அவன் வூட்டு ஃபேன் காத்து எனக்கு வேணாம்னு சொன்னாரு."

இதைப் படித்துக் காட்டியதும் இவர் எழுந்து ஃபேனை இன்னும் ஒரு நம்பர் கூட்டினார்.

ஜூன் 20

ஆசாரி அன்புராஜ் வந்தார். முதலில் பூனையின் அளவு வேண்டும் என்றார். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுப்பதுபோல நிற்குமா அது? இவர் முன்னங்காலைப் பிடிக்க, நான் பின்னங்காலைப் பிடிக்க, அன்புராஜ் டேப்பை வயிற்றில் சுற்ற, மூன்று பேருக்கும் ரத்தக் காயம். ஆறு அங்குல அகலம், ஏழு அங்குல உயரம் என்று முடிவானது. மூடிக்கு டிராக்டர் டியூபில் ஒரு துண்டு.

அறுத்து முடித்ததும் இந்தப் பக்கம் விழுந்த மரத்தூளை நான் பெருக்கினேன். அந்தப் பக்கமும் துடைப்பச் சத்தம் கேட்டது. பெரியவர் மனைவி ஜெயசுதா அக்காவின் துடைப்பம். அவளுக்கு ஒரு இடத்தை மூன்று முறை பெருக்கினால்தான் திருப்தி. சரியாக மூன்று முறை கேட்டது. நான் கடைசி வரை நின்று கேட்டேன். அவளும் நானும் என்ன சண்டை போட்டோம்? ஒன்றுமே இல்லை. சூடம் அணைத்தவர்கள் அவர்கள், வாயை மூடிக்கொண்டவர்கள் நாங்கள்.

ஜூன் 21

சுந்தரி ஓட்டையை முகர்ந்து பார்த்தது. பிறகு வாசலில் இறங்கித் தெரு வழியாகப் போனது.

ஜூன் 24

இன்று சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி.

பூனையைப் பழக்க வேண்டும் என்று இவர் கையில் நெத்திலிக் கருவாட்டோடு தரையில் குப்புறப் படுத்தார். "பூஸ்... பூஸ்... இப்டிதான் வரணும், பாரு" என்று டியூபைத் தூக்கி முகத்தை வைத்தார். எதிரே இன்னொரு முகம். பெரியவர். அவர் கையிலும் கருவாடு. வாய் 'பூஸ்' சொல்கிற மாதிரியே குவிந்திருந்தது.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள், மூக்குக்கு மூக்கு நாலு அங்குலத்தில். டியூப் 'தப்' என்று விழுந்தது.

"அவரும் சொல்லிக் குடுக்கறாரு போல" என்றார் இவர், வேட்டியைத் தட்டிக்கொண்டே. பிறகு, "இளைச்சிட்டாரு இல்ல?" என்றார்.

பெரியவராவது, இளைப்பதாவது.

சுந்தரி டிவி மேல் படுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூலை 2

போய்விட்டது! தானாகவே! போனது, வந்தது, மறுபடி போனது. இவர் வயலுக்குப் போகாமல் உட்கார்ந்து எண்ணினார். பதினேழு.

ஜூலை 5

பூனைக்குப் போட்ட வழியில் அவர்கள் கோழி வந்துவிட்டது. வந்தது போகாமல் நம் அரிசிச் சாக்கில் முட்டையும் இட்டுவிட்டது.

கோழி அவர்களுடையது, சாக்கு நம்முடையது. முட்டை யாருடையது? "அவங்க சொத்து ஒண்ணும் நமக்கு வேணாம்" என்று இவர் முட்டையை ஓட்டை வழியாக உருட்டிவிட்டார். உடைந்ததோ என்னவோ, அரை மணி கழித்து டியூப் மெல்லத் தூக்கிக்கொண்டது. ஒரு கை வந்தது. சின்னக் கிண்ணத்தில் முட்டைப் பொரியல், மிளகு தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரி. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கை போய்விட்டது.

மணிக்கட்டில் அந்தச் சுட்ட தழும்பு. நான் கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு, அதிரசம் சுடும்போது என்மேல் தெறிக்க இருந்த எண்ணெயைக் கை நீட்டித் தடுத்தவள். பொரியலில் உப்பு பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, என் கண்ணீரே போதுமானதாக இருந்தது.

ஜூலை 6

வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா? கூடாது. கேசரி வைத்து உள்ளே தள்ளினேன்.

ஜூலை 7

கிண்ணம் சுண்டலோடு வந்தது. அவளுக்கும் அதே வழக்கம்தானே!

ஜூலை 13

கேசரி, சுண்டல், வாழைப்பூ வடை, நெத்திலி வறுவல், எலுமிச்சை ஊறுகாய், கொழுக்கட்டை. இதற்கு முடிவே கிடையாது. வெறும் கிண்ணத்தை யார் முதலில் அனுப்புவது? இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவருக்கு ஒரு சுற்று வயிறு போட்டுவிட்டது. எதிரி வீட்டுச் சாப்பாடு என்று ஒரு நாளாவது மிச்சம் வைத்தாரா?

ஜூலை 14

நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் ஒரு பிள்ளையின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. புவனாவுக்குக் கல்யாணம் நிச்சயம். மாப்பிள்ளை பண்டசோழநல்லூர், பெயர் நவீன்குமார். ஆவணியில் முகூர்த்தம், செப்டம்பர் 4.

எனக்குக் குழந்தை இல்லை. அந்தப் பிள்ளை ஐந்து வயது வரை என் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினாள். ஊரான் வாயால் கேட்கணுமா நான் இதை? போன் பண்ணினேன். அவள் அழுதுகொண்டே, "அப்பாதான் நேர்ல வந்து சொல்லணும்னு சொன்னாரு சித்தி. எப்டி வர்றதுன்னுதான் தெரியல" என்றாள்.

அதுதான் விஷயம். மூத்தவர் வீட்டுக்குள் வந்து, தட்டு வைத்துக் கூப்பிட்டால்தான் இவர் போவார். அவரால் நம் வாசலில் கால் வைக்க முடியாது. சூடம் அணைத்த சத்தியம். இவர் இரவு சாப்பிடவில்லை. "தூக்கி வளத்த பொண்ணு. மணவறைக்கிட்ட நான் நிக்க வேணாமா?" என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 16

கோயில் பூசாரியைக் கேட்டேன். பரிகாரம் உண்டாம். ஆனால் இந்த வருஷத் தீமிதி முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் நெருப்பு முன்னால்தான் சத்தியத்தைத் திருப்பி வாங்க முடியுமாம்.

சரி, மீறினால்தான் என்ன? நானும் யோசித்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், இதையெல்லாம் நம்பலாமா? ஆனால் கல்யாணம் ஆகப்போகிறவள் புவனா. அவளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட 'சத்தியத்தை மீறினோமே' என்று ஆயுசுக்கும் உறுத்தும். என்னால் முடியாது. பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. புளிசாதக் கிண்ணத்தைத் தள்ளப் போனேன். அக்கா கிண்ணத்தோடு என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"செல்வி."

"இன்னாக்கா."

"கொழுந்தன் வராம எம்பொண்ணு கல்யாணம் எப்டிடி நடக்கும்?"

தரையில் படுத்து, ஓட்டையில் வாயை வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். முக்கால்வாசி அழுகை, மீதி புடவை. கூறைப் புடவை அரக்கு நிறமாம். நான் பச்சை நன்றாக இருக்கும் என்றேன். "இப்ப சொல்ற, எடுத்தாச்சிடி" என்றாள். சுந்தரி போக வழியில்லாமல் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆகஸ்ட் 19

ஆடி முடிந்ததும் பெரியவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்திரிகையைப் பூனை வழியில் நீட்டினார். தாம்பூலத் தட்டு நுழையவில்லை, ஆகவே பத்திரிகை மட்டும். அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது: "குடும்பத்தோட வரணும்."

இவர் குனியவே இல்லை. "தட்டு இல்ல, மஞ்ச குங்குமம் இல்ல, தரையில தள்ளி வுட்டா அது பூனைக்கு வெச்ச பத்திரிக. பூனை போவட்டும், மொய் எழுதிட்டு வரட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மனிதர் இந்த வயதில் மண்டி போட்டு நீட்டினாரே! இவரைத் திட்டிவிட்டுத் திரும்பினால், பத்திரிகையைத் துடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 20

காலையில் அரிசி களையும்போது தோன்றியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னாங்க, இந்த ஓட்டை வழியா போனா கதவத் திறந்ததா அர்த்தமா?"

"இல்ல."

"உங்க அண்ணன் இது வழியா வந்தா நம்ம வாசல் வழியா வந்ததா அர்த்தமா?"

"அதெப்டி வருவாரு? அவரு இன்னா பூனையா?"

"ஓட்டையப் பெருசு பண்ணா?"

வெற்றிலை மென்று முடித்தார். பிறகு, "எவ்ளோ பெருசு?" என்றார்.

ஓட்டை அருகே குனிந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவள் பதில் சொல்லும் முன்பே பெரியவர் குரல் வந்தது: "வயித்துக்கிட்ட கொஞ்சம் தாராளமா சொல்லு."

ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

ஆகஸ்ட் 22

அன்புராஜ் டேப்பை நீட்டிப் பார்த்தார். "ரெண்டடிக்கு மூணடியா? எந்தப் பூனைக்கிக்கா இது?"

"பெரிய பூனை" என்றேன்.

ஆகஸ்ட் 24

நல்ல நேரம் பார்த்து ஒன்பது மணிக்கு அறுத்து முடித்தார்கள். தாழ்ப்பாள்கள் போட்டது போட்டபடி. முதலில் தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பத்திரிகை, எல்லாம் முறைப்படி. நான் வாங்கிக்கொண்டேன். பிறகு பெரியவரின் தலை, தோள், அப்புறம் வயிறு. வயிற்றோடு நின்றுவிட்டார். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

"புகழு..." என்று தம்பியைக் கூப்பிட்டார். "இழுடா."

இவர் இரண்டு கையையும் பிடித்தார். பின்னாலிருந்து அக்கா தள்ளினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வந்து விழுந்ததில் பெரியவர் சட்டையில் இரண்டு பொத்தான் போச்சு. இவர் பிடித்த கையை விடவில்லை.

"வந்துருடா" என்றார் பெரியவர்.

"வர்றேண்ணே. அது இன்னா பேச்சு."

பிறகு மழை வருமா என்று பேசினார்கள்.

செப்டம்பர் 4

கல்யாணம். மணவறைக்குப் பக்கத்தில் இவர், பட்டு வேட்டியில். எழுத நேரமில்லை, கால் வலிக்கிறது. பச்சைதான் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 19

புவனா போனதிலிருந்து அந்தப் பக்கம் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அக்காவுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் தலையணையை முதலில் தள்ளிவிட்டு, பின்னாலேயே குனிந்து வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். இன்று வரும்போது முதுகு பிடித்துக்கொண்டது. "இன்னும் ஒரு அடி மேல அறுக்கச் சொல்லுடி, எனக்கும் வயசாவுது" என்றாள்.

அன்புராஜுக்குப் போன் பண்ணினேன்.

"இன்னும் அறுத்தா அங்க கதவே இருக்காதுக்கா. தாழ்ப்பா மட்டுந்தான் நிக்கும்" என்றார்.

"அது இருந்தா போதும்பா" என்றேன்.