மணலுக்கு மேல் நின்று அளந்தது

மாஸ்டர்,

எண் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. உங்களுக்குத் தெரிந்ததுதான்.

1. உங்கள் ஊர்க் கடற்கரையில் பாழடைந்து கிடக்கும் கான்கிரீட் அறை.
2. அதைப் பற்றிய கட்டுரையை நான் ஏன் பாதியில் நிறுத்தினேன்.
3. நிறுத்தியது சரிதான் என்பது.

இன்று காலை அலமாரியில் பழைய இன்ச் டேப் கையில் பட்டது. திருப்பூர் நல்லூரில் பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங் சூப்பர்வைசர். நீங்கள் வெட்டியதை நான் அளப்பேன். ஒரு பொங்கல் விடுமுறையில் உங்களோடு தெற்கே வந்தபோதும் அந்த டேப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

உலகப் போரின்போது வெள்ளைக்காரர்கள் கட்டிய கண்காணிப்பு அறை அது என்றீர்கள். கடலில் கப்பல் தெரிந்தால் அதன் தூரத்தையும் திசையையும் அங்கிருந்து பீரங்கிக்காரர்களுக்குப் போனில் சொல்வார்களாம். உங்கள் அப்பா அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர். ஆள் குறைந்த நாட்களில் சுவரில் இருந்த துவாரத்தின் வழியே, கப்பல் வருகிறதா என்று கடலையும் பார்த்தவர். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. கப்பல்காரர் மகன் என்று உங்களையும் கேலி செய்தார்கள். அப்பா சொன்னது ஒரு தடவையாவது அச்சில் வர வேண்டும் என்று, அவ்வப்போது பத்திரிகைக்கு எழுதும் என்னிடம் எழுதச் சொன்னீர்கள்.

நான் தரையிலிருந்து அந்த நீளத் துவாரம் வரை அளந்தேன். முழங்கால் உயரம்தான் வந்தது.

"இதுல எப்படீங்க மாஸ்டர் நின்னு கடலைப் பாக்கறது? சாமான் போட்டு வெச்ச ரூமா இருக்குமுங்க."

"மணல் ஏறிக் கெடக்கு அண்ணாச்சி. தோண்டிப் பாப்பமா?"

தோண்டக் கூடாது என்று வாசலில் அரசாங்கப் பலகை இருந்தது. எனக்குப் பயம். அதைச் சொல்லாமல், ஆதாரம் போதாது என்றேன். திருப்பூர் திரும்பி, அந்த அறையைப் பற்றிக் கேட்டு மூன்று அரசு அலுவலகங்களுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும், பதிவு ஏதும் இல்லை என்று பதில் வந்தது. அதையும் என் கட்சியில் சேர்த்துக்கொண்டு, பாதி எழுதிய கட்டுரையை நிறுத்திவிட்டேன்.

நீங்களாவது சண்டை போட்டிருக்கலாம். கேண்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "அண்ணாச்சி அளந்தா பனியனே பாதி ரிஜெக்ட்டு. எங்கப்பா எம்மாத்திரம்?" என்று சிரித்தீர்கள். பிறகு சாகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது, உங்கள் மேலும் என் மேலும்.

போன மாதம் உங்கள் மகள் ஒரு போட்டோ கொண்டுவந்து கொடுத்தாள். கட்டட வேலைக்கு மணல் அள்ளியவர்கள் அந்த அறைக்குள்ளும் புகுந்து அள்ளிவிட்டார்களாம். சிமெண்டுத் தரை தெரிகிறது. நடுவில் ஏதோ கருவியை நிறுத்திய தூண், அதன் தலையில் நான்கு துருப்பிடித்த போல்ட்டுகள். உங்கள் மகள் துவாரத்தின் முன் நிற்கிறாள். அது அவள் கண்ணுக்கு நேராக இருக்கிறது. அதற்கு அப்பால் கடல்.

கட்டுரையை முடித்துவிட்டேன். முதல் வரியில் உங்கள் அப்பா பெயர். யார் போடுவார்கள் என்று தெரியாது. போட்டாலும் படிக்க நீங்கள் இல்லை.

ஆதாரமில்லாமல் எழுதாதது முறைதான் என்று இந்த மடலைத் தொடங்கும்போதுகூட நினைத்தேன். ஆதாரம் என் காலுக்குக் கீழே இருந்தது. ஒரு மண்வெட்டி போதும். நீங்கள் கேட்டீர்கள், நான் மாட்டேன் என்றேன். இப்போதெல்லாம் டேப்பை எடுத்தால், எங்கே நிற்கிறேன் என்று முதலில் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவதாக எழுதியது தப்புங்க, மாஸ்டர்.